பெரியப்பாவும் பௌர்ணமித் தண்ணீரும்

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்த தண்ணீர் இரண்டே வகை. மேட்டூரில் திறந்தாச்சா, கீழணைக்கு வந்தாச்சா, வீராணம் ரொம்பிடுச்சா என்று தினமும் செய்தித்தாளில் தேடும் தண்ணீர் ஒன்று. செய்தித்தாள் வருவதற்கு முன்பே வீட்டுக்குள் வந்து கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்ளும் தண்ணீர் இன்னொன்று. 2015 மழையைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். மூன்றாவதாக ஒரு தண்ணீர் இருக்கிறது, கடல் ஓதம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை வரும், இரண்டு தடவை போகும். அதை யாரும் திறந்துவிட வேண்டாம், பக்கத்து மாநிலத்திடம் கேட்க வேண்டாம், தண்டோரா போட வேண்டாம். அதனாலேயே அதற்கு மரியாதை இல்லை.

தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று வரிசையாகக் கடலில் போய்ச் சேரும் ஆறுகளை வைத்திருக்கிறோம். ஆனால் மீனவர் குப்பங்களைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் உள்ளே வந்தால், படகில் ஒழுங்காக உட்காரத் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம். இத்தனைக்கும் எங்கள் ஊரின் நீர்வழிப் பெருமை லேசுப்பட்டதில்லை. திருநாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ள, அந்தக் கல்லே தெப்பமாகி அவர் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரை சேர்ந்தார் என்பது வரலாறு. கரையேறிய இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்றே பெயர். கடலூருக்குத் தண்ணீர் வழியாக வந்தவர்களில் கட்டணத் தகராறு, இடத் தகராறு, ‘எப்ப போய்ச் சேரும்’ என்ற நச்சரிப்பு எதுவுமே இல்லாமல் வந்தவர் அவர் ஒருவர்தான்.

அவருக்கு ஆயிரம் வருஷம் கழித்து வந்த வெள்ளைக்காரர்கள் வேறு ரகம். கெடிலம் கடலைத் தொடும் தேவனாம்பட்டினத்தில் மராத்தியர்களிடமிருந்து 1690-ல் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். பீரங்கியை வெடிக்க வேண்டியது, குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊரெல்லாம் கோட்டையோடு சேர்ந்தது என்பது பேச்சு. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை எல்லாம் அந்தக் கிரயத்தின் மிச்சம். மனையை இப்படி அளந்து கொடுக்கும் சர்வேயர் இன்றைக்கு இருந்தால் அவர் வீட்டு வாசலில் கூட்டம் தாங்காது.

அவர்கள் ஆற்றுவாயாகப் பார்த்துக் கடை விரித்ததில் ஆச்சரியமில்லை. பிறந்து வளர்ந்த ஊர் அப்படி. லண்டன் பாலத்தடியில் தேம்ஸ் ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறேழு மீட்டர்வரை ஏறி இறங்கும். அங்கே கிராமத்துப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை படகு விடப் போகிறவன்கூட ஓத அட்டவணையை அச்சடித்துப் பையில் வைத்திருப்பான். ஏறுகிற தண்ணீரோடு மேலே போவான், ரொட்டியைத் தின்பான், இறங்குகிற தண்ணீரோடு வீடு திரும்புவான். துடுப்பு கையில் இருப்பது போட்டோவுக்குத்தான்.

நம் வீட்டுச் சுவரிலும் ஒரு அட்டவணை தொங்குகிறது. தினசரி நாள்காட்டி. நிலாவைப் பற்றி அதில் இல்லாத தகவல் கிடையாது. என்றைக்கு அமாவாசை, என்றைக்கு அஷ்டமி, எந்த ராசிக்காரர் சந்திராஷ்டமத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் எல்லாம் உண்டு. அந்த நிலா தண்ணீரிடம் என்ன வேலை பார்க்கிறது என்பது மட்டும் இருக்காது. சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுக்கிற அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் நிறைய ஏறும், நிறைய வற்றும். ஆளுக்கொரு பக்கமாக நின்று இழுக்கிற அஷ்டமி, நவமியை ஒட்டி ஏற்றமும் சுமார், வற்றமும் சுமார். அஷ்டமியில் எதையும் ஆரம்பிக்காதே என்று நம் பாட்டிகளுக்குச் சொல்லிவைத்தவன், முகத்துவாரத்தில் பாரம் ஏற்றிய தோணியோடு மாட்டிக்கொண்ட எவனோ ஒருவனாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆதாரம் எதுவும் கிடையாது. மொட்டைமாடியில் காற்று வாங்கும்போது தோன்றியது.

சுவாமிக்கு இந்தக் கணக்கெல்லாம் சரியாகத் தெரிந்திருக்கிறது. ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகசுவாமி மாசி மகத்துக்குக் கிள்ளை முழுக்குத்துறைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். கிள்ளை தர்கா பக்கம் முஸ்லிம்கள் வரவேற்று மரியாதை செய்கிறார்கள். மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருவது. அவர் வரும்போது தண்ணீர் நிறைந்திருக்கும். வேலை முடிந்ததும் கிளம்பிவிடுகிறார். எங்கள் குடும்பம் அதே கிள்ளையைத் தாண்டிப் பிச்சாவரத்துக்குப் படகு விடப் போனபோது தலைமை தாங்கியவர் பூவராகசுவாமி இல்லை, பெரியப்பா.

பெரியப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். தோல்பையை டிப்போவில் ஒப்படைத்துவிட்டார், விசிலை ஒப்படைக்கவில்லை. சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் அது இன்னும் இருக்கிறது. உறவில் யார் எங்கே போவதென்றாலும் தலை எண்ணுவது அவர்தான். கல்யாணப் பந்தியில்கூட எண்ணுவார்.

சித்தப்பா மகனுக்குப் பழக்கமான படகோட்டி முதல்நாளே போனில் சொல்லியிருந்தார். “நாளைக்குப் பௌர்ணமிங்க. காலையில தண்ணி நல்லா ஏறி நிக்கும். எட்டு, எட்டரைக்கெல்லாம் வந்துடுங்க. அப்புறம் வத்த ஆரம்பிச்சிடும்.”

கடலூரிலிருந்து வேன் விடியற்காலையே கிளம்பியது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று வந்து, வெள்ளாற்றுப் பாலம் தாண்டியபோது ஆறு பளபளவென்று கரைமுட்ட இருந்தது. கடல் தண்ணீர்தான், பரங்கிப்பேட்டை வழியாக ஏறி வந்து நிற்கிறது. “ஆத்துல தண்ணி வந்திருக்கு, மேட்டூர் திறந்துட்டாங்க போல” என்றார் பெரியப்பா. சரி என்று சிதம்பரத்துக்குள் நுழைந்தால், நடராஜரைப் பார்க்காமல் போவது அபசாரம் என்றார் பெரியம்மா. தரிசனம் முடித்து வெளியே வரும்போது மணி எட்டே முக்கால். பெரியப்பா நாள்காட்டியைக் கிழித்துப் பையிலேயே வைத்திருந்தார். சனிக்கிழமை; ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை.

“ராகு காலத்துல தண்ணியில காலை வைக்கக் கூடாது.”

ஆக, ராகு காலம் கழியும்வரை ஓட்டலில் உட்கார்ந்தோம். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சிதம்பரத்தில் உட்கார வைத்தால் கொத்சு கிடைக்கும். கத்தரிக்காயை வேகவைத்து மசித்து, புளியும் வறுத்து அரைத்த மல்லி, மிளகாயும் சேர்த்து, நல்லெண்ணெய் மேலே மிதக்க அவர்கள் செய்கிற கொத்சு வேறு எந்த ஊருக்கும் வராது. எங்கள் அம்மாவுக்கும் வராது. அதை அவர் இருக்கும்போது சொல்வதில்லை. இட்லி ஈடு ஈடாக வந்துகொண்டிருந்தது. பதினைந்து கிலோமீட்டர் தள்ளித் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

நாங்கள் போய் இறங்கும்போது பதினொன்றேகால். படகோட்டி ஆற்றைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“எட்டரைன்னு சொன்னேனுங்களே.”

“ராகு காலம் தம்பி.”

“அது தண்ணிக்குத் தெரியாதுங்களே.”

பெரியப்பா அதைக் காதில் வாங்கவில்லை. படகைப் பார்த்ததும் அவருக்கு உத்தியோகம் திரும்பி வந்துவிட்டது. “லேடீஸ் எல்லாம் முன்னாடி போங்க. உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு பாருங்க.” அத்தை கரையிலிருந்தே கைக்குட்டையை வீசி இடம் பிடித்தாள். முன்பக்கம் எல்லாரும் சேர்ந்ததும் படகு மூக்கைத் தண்ணீரில் விட்டது. பாரம் நடுவில் இருக்க வேண்டும், நிற்கக் கூடாது, மிதவைச் சட்டையின் வாரை இறுக்கிக் கட்ட வேண்டும் என்று படகோட்டி ஒவ்வொருவராகப் பிடித்து உட்கார வைத்தார். அத்தைக்கு அந்த ஆரஞ்சு நிறம் புடவைக்குச் சேரவில்லை என்ற குறை கடைசிவரை இருந்தது. பெரியப்பா தலை எண்ணினார், திருப்தியானார், இரண்டு விசில் கொடுத்தார். படகு கிளம்பியது. படகோட்டி கழியை ஊன்றித் தள்ளினார் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

“எந்த ஊருக்குப் போவுது?” என்று அத்தை கேட்டாள்.

“எங்கயும் இல்லீங்கம்மா. உள்ள ஒரு சுத்து சுத்திட்டு இங்கயே வந்துடும்.”

“இங்கயே வர்றதுக்கா இவ்வளவு காசு? நாமதான் இங்கயே இருந்தோமே!”

உலகத்துச் சுற்றுலாத் துறைகள் எல்லாம் சேர்ந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட முடியாது.

பிச்சாவரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற காடு. சின்னவாய்க்கால் பக்கத்து முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. கான்சாகிப் வாய்க்கால் வழியாக வயற்காட்டு வடிகால் வந்து சேர்கிறது. இந்த இரண்டு தண்ணீரும் கலந்து கட்டுகிற இடத்தில்தான் சுரபுன்னை வளரும். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்த்து உலக ஈரநிலமாக அறிவித்திருக்கிறார்கள். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். தேம்ஸுக்கு முன்னால் வைத்தால் சிரிப்பார்கள். ஆனால் வாய்க்காலின் ஆழமே பல இடங்களில் இடுப்பளவு என்னும்போது, அந்த ஒரு மீட்டரில் முக்கால்வாசி ஆறு போய்விடும்.

சுரபுன்னையின் வேர் கிளையிலிருந்தே வளைந்து இறங்கிச் சேற்றில் கால் ஊன்றி நிற்கிறது. வெண்கண்டல் வேறு மாதிரி: அதன் வேர் சேற்றுக்குள்ளிருந்து மேல்நோக்கிக் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டு மூச்சு விடுகிறது. படகோட்டி ஒரு வெண்கண்டல் இலையைப் பறித்துக் கொடுத்து நக்கிப் பார்க்கச் சொன்னார். உப்பு. இலையின் மேல் பொடிப் பொடியாக உப்பு பூத்திருந்தது. வேர் உறிஞ்சிய உப்பை இலை வழியாகத் துப்பிவிடுமாம். பெரியப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு என்று பெரியம்மா இலையைப் பிடுங்கிவிட்டார். இன்னொரு மரத்தில் பச்சையாக நீளநீளமாகத் தொங்கியதைப் பார்த்த அத்தை, “முருங்கை எப்படிக் காய்ச்சிருக்கு பாரு” என்று கை நீட்டினாள். அது சுரபுன்னைப் பிள்ளை. மரத்திலேயே முளைவிட்டு, வளர்ந்து, பிறகு தாயை விட்டு விழுந்து சேற்றில் குத்தி நிற்கும். இல்லாவிட்டால் தண்ணீரோடு போய் வேறெங்காவது வேர் பிடிக்கும். “நல்ல பழக்கம். நம்ம வீட்டுப் பிள்ளைங்க முப்பது வயசு வரைக்கும் மரத்துலயே தொங்குதுங்க” என்றார் பெரியப்பா, சித்தப்பா மகனைப் பார்த்து.

தில்லை மரத்தையும் காட்டினார்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வரக் காரணமான மரம். கிளையை ஒடித்தால் பால் வரும். அது கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் அபாயம் உண்டு, தோலில் பட்டால் கொப்புளம். “அங்க கண்குளிர தரிசனம், இங்க கண்ணுக்கே ஆபத்து” என்று பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, படகின் மறுபக்கம் நகர்ந்தார். படகும் மறுபக்கம் சாய்ந்தது.

ஒரு திருப்பத்தில் இருளர் பெண்கள் சிலர் கழுத்தளவு தண்ணீரில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவுகிறார்கள். இறால் விரலில் தட்டுப்பட்டதும் அமுக்கி, தலையைச் சற்றே தாழ்த்திப் பறிக்குள் போடுகிறார்கள். அந்தக் கை தண்ணீருக்குள் போவதும் வருவதும் ஒரே சீராக இருந்தது. படகில் சத்தம் அடங்கியது அப்போது மட்டும்தான். தண்ணீர் வற்றுகிற நேரம் அவர்களுக்கு வேலை நேரம். அவர்கள் யாரும் தாமதமாக வரவில்லை.

அடங்கிய சத்தத்தை மீட்டுக்கொடுத்தவர் பெரியப்பா. எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ படம் 1975-ல் வந்தபோது அவருக்கு வேலை கிடைத்த புதிது. “வாத்தியார் படகுல வந்த வாய்க்கால் எது தம்பி?”

படகோட்டி இடதுபக்கம் ஒரு வாய்க்காலைக் காட்டினார். எங்களுக்கு முன்னால் போன படகில் வலதுபக்கம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். தப்பில்லை. இங்கே 4,400 வாய்க்கால் இருப்பதாகச் சுற்றுலாக் கையேடுகள் சொல்கின்றன. ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும் மிச்சம் இருக்கும்.

“அதுக்குள்ள போ.”

“ஐயா, அது ஒடுக்கம். தண்ணி வத்திக்கிட்டு இருக்கு. காலையில வந்திருந்தீங்கன்னா—”

“வாத்தியார் போன வழி தம்பி. ஒண்ணும் ஆவாது.”

ஒடுக்கமான வாய்க்காலுக்குள் அழகு அதிகம். இரண்டு பக்கத்துக் கிளையும் மேலே கோத்துக்கொண்டு வெயிலை மறைத்துவிட்டது. அங்கே ஒரு பழைய கதையையும் படகோட்டி சொன்னார். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இந்தக் காட்டைக் கூறுபோட்டு மொட்டையாக வெட்டினார்களாம். வெட்டிய இடத்தில் தரை காய்ந்து குழிந்து, ஏறிய தண்ணீர் திரும்ப வடியாமல் தேங்கி, வெயிலில் வற்றி உப்பு ஏறி, ஒரு செடி முளைக்கவில்லை. பிறகு வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை உள்ளே வந்து வெளியே போக வைத்தபோதுதான் கன்று பிடித்தது. “தண்ணி வரணும், போவணும். ரெண்டுல ஒண்ணு நின்னாலும் காடு செத்துடும்” என்று அவர் சொல்லிமுடிக்கவும், படகு ‘சொத்’ என்று உட்காரவும் சரியாக இருந்தது.

“யாரு சிங்கிள் விசில் அடிச்சது?” என்று கேட்டான் சித்தப்பா மகன். பெரியப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வற்றிய சேறு ஒரு வாசனை விடும். காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் கிளப்பும் கந்தக வாயு. அழுகிய முட்டை நாற்றம். அத்தை உடனே, “அவிச்ச முட்டை யாருடி கொண்டாந்தது?” என்று விசாரணையைத் தொடங்கிவிட்டாள். கரையில் நண்டுகள் வெளியே வந்தன. அதில் ஒரு சாதி, ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிசு. பெண் நண்டைக் கூப்பிட அதைத் தூக்கித் தூக்கி ஆட்டும். பெரியப்பா பார்த்துவிட்டுச் சொன்னார்: “கை காட்டுறான் பாரு. ஸ்டாப்பிங் இல்லாத எடத்துல நின்னுக்கிட்டு.”

மணி பன்னிரண்டரை. “எப்ப தண்ணி வரும்?” என்றார் படகோட்டியிடம், முதல் தடவையாகக் குரலை இறக்கி.

“ரெண்டரை வாக்குல திரும்பும். படகு மெதக்க அஞ்சாயிடும்.”

பெரியப்பா பையிலிருந்து நாள்காட்டித் தாளை எடுத்தார். சனிக்கிழமை எமகண்டம் ஒன்றரையிலிருந்து மூன்று. தாளை மடித்து வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தார். அதற்குள் அது மாறிவிடவில்லை.

“தள்ளுங்கடா” என்றார்.

படகோட்டி இறங்கினார், சேறு தொடைவரை வாங்கியது. நானும் சித்தப்பா மகனும் இறங்கினோம். வேர்க் குச்சிகளுக்கு நடுவில் காலை எங்கே வைப்பது என்று தெரியாது. வைத்த காலை எடுத்தால் செருப்பு வருவதில்லை. பெரியப்பா இறங்கவில்லை. வண்டி நின்றால் பயணிகள்தான் தள்ள வேண்டும், நடத்துநர் தள்ளியதாகத் தமிழ்நாட்டில் எங்கும் சரித்திரம் இல்லை. படகில் உட்கார்ந்தபடியே அவர் தாளகதியில் விசில் அடித்தார். அது உண்மையிலேயே உதவியது என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்; மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சுப் பிடிக்க முடிந்தது அதனால்தான். பெண்களெல்லாம் பின்பக்கம் நகர்ந்தார்கள், மூக்கு மேலே எழுந்தது, வழுக்கிக்கொண்டு படகு நடு வாய்க்காலுக்குப் போனது. எங்களை ஏற்றிக்கொள்ளாமலே இரண்டு விசில் கேட்டது.

துறைக்கு வந்து சேர்ந்ததும் படகோட்டி கணக்குச் சொன்னார். பேசின தொகை, அதற்குமேல் காத்திருந்ததற்குக் கொஞ்சம்.

பெரியப்பா சிலிர்த்துக்கொண்டார். “வெயிட்டிங் சார்ஜா? முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல நான் பார்க்காததா? வண்டி பிரேக்டவுன் ஆனா பயணிக்குத்தான்யா காசைத் திருப்பித் தரணும்.”

படகோட்டி காலில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் வழித்துக்கொண்டே சொன்னார்: “வண்டி நல்லாத்தான் இருந்துச்சுங்க. பிரேக்டவுன் ஆனது ரோடு. அது அஞ்சு மணிக்கு வந்துடும். இருந்து அதுகிட்டயே கேட்டு வாங்கிக்குங்க.”

மணி ஒன்று இருபத்தைந்து. பெரியப்பா பர்ஸை எடுத்தார்.